தெளிவுக்குக் கொடுத்த நேரம்

ஞானசுந்தரி இறந்த செய்தி தேர்வு அறையில் இருந்தபோது எனக்கு வந்தது. மேற்பார்வைப் பணியில் கைப்பேசியைத் தொடக் கூடாது. அதனால் இயற்பியல் துறை உதவியாளர் நேரில் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரலாமா என்று தயங்கியவரிடம் நானே போனேன்.

"மேடம், சுந்தரி மேடம் காலையில தவறிட்டாங்களாம்" என்றார்.

"யார் சொன்னது?" என்று கேட்டேன். என் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான். ஒரு செய்தி உண்மையா என்று பார்ப்பதற்கு முன் அதற்காக வருந்தும் பழக்கம் எனக்கு இல்லை.

"அவங்க வீட்லேர்ந்தே போன் வந்துச்சு மேடம்."

மாணவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். மணி அடிக்கும்வரை வரிசைகளுக்கு நடுவே நடந்தேன். ஒரு மாணவி கூடுதல் தாள் கேட்டாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதற்கு மேல் அந்த அறையில் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

இதைப் படிக்கும் நீங்கள் அவரை இரண்டு விதமாக அறிந்திருப்பீர்கள். சிலருக்கு அவர் ஏனாத்தூர்ப் பக்கம் எங்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்திய பேராசிரியை. மற்றவர்களுக்கு, பரணில் கிடந்த டிவி கேம் கருவியை எடுத்துக்கொண்டு போனால் அதைப் புதிய டிவியில் பளிச்சென்று தெரிய வைத்துக் கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு ஐயம்பேட்டையில் அவர் வீட்டு முன்னறைக்கு வருபவர்கள் இரண்டாம் வகை. நான் புள்ளியியல் துறையைச் சேர்ந்தவள். விளையாட்டில் ஆர்வமும் இல்லை. பல ஆண்டுகள் அவரோடு ஒரே பேருந்தில் போய் வந்ததால் இரண்டு வகையினரையும் தூரத்திலிருந்து பார்த்தவள்.

அவர் எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது கூடத்தில் புது டிவி ஓடிக்கொண்டிருந்தது. காபியை வாங்கிய கையோடு ரிமோட்டையும் கேட்டு வாங்கினார். படத்துக்கான அமைப்புகளைத் திறந்து, 'ஷார்ப்னெஸ்' என்று இருந்ததைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனார்.

என் கணவர் பதறிவிட்டார். "என்னங்க மேடம், இருக்கறதையும் கம்மி பண்றீங்க?"

"அது கூர்மை இல்லீங்க. ஓரத்துல வெள்ளக்கோடு இழுத்து நம்பள ஏமாத்துற வேல. படத்துல இல்லாதத டிவி சேக்கக் கூடாது" என்றார் சுந்தரி.

திரையின் கீழே ஓடிய எழுத்துகளைப் பார்த்தேன். அவற்றைச் சுற்றியிருந்த வெள்ளை விளிம்பு போயிருந்தது. அவர் சொன்னது சரிதான். எங்கள் வீட்டில் தறி உண்டு. எதையும் அதோடு சேர்த்துப் பார்க்கிறவர் என் கணவர். "டிவி படம் புள்ளி புள்ளியா வருதுன்னா நம்ப சேலையில நெய்யற புட்டா மாதிரிதானே மேடம்?" என்றார்.

"காஞ்சிபுரத்துல எதச் சொன்னாலும் கொண்டாந்து தறியில கட்டிடுவீங்கப்பா! தறி வேற, டிவி வேற."

அதிகம் சிரித்தது என் கணவர்தான். சுலபமாகக் கிடைக்கும் ஒப்புமையைக்கூட சுந்தரி வாங்கிக்கொள்ள மறுத்ததால் எனக்கு அவரைப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன்.

அவர் செய்த வேலையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் இங்கே பல வீடுகளில் இருந்த எட்டு பிட் டிவி கேம், படத்தை ஒரே ஒரு மஞ்சள் வயரில் அனுப்பும். அதை இன்றைய பெரிய டிவியில் நேராகச் செருகினால் நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று வழியும்; எழுத்து நடுங்கும்; அகலத் திரையை நிரப்புவதற்காக டிவி படத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிடும், ஓடுகிற ஆள் குண்டாகிவிடுவான். சுந்தரி நடுவில் ஒரு சிறிய பெட்டியை வைப்பார். மஞ்சள் வயரில் வருவதை அது வாங்கி, சுத்தம் செய்து, புது டிவிக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும். பிறகு டிவியின் அமைப்புகளில் மணிக்கணக்காக உட்காருவார். கடைசியில் படம் அதன் உண்மையான அகலத்தில், கத்தரித்து ஒட்டியதுபோல நிற்கும். "ரெண்டு பக்கமும் ஏன் மேடம் கருப்பா இருக்குது? இவ்ளோ பெரிய டிவி வாங்கினதே வேஸ்டா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "படம் அவ்ளோதான்பா. மீதி எடத்துல சாமி படம் மாட்டிக்கோ" என்றார்.

இனி நான் சொல்லப்போவது அந்தத் தெளிவான படம் செய்த கெடுதலைப் பற்றி. அவரே பலரிடம் சொன்னதுதான் என்பதால் எழுதுகிறேன்.

அன்பழகன் அவருடைய சித்தப்பா மகன். காஞ்சிபுரத்துக்கும் ஐயம்பேட்டைக்கும் இடையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். காலையில் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போவார். நாற்பதைத் தாண்டியதும் அவருக்கு லேசான பக்கவாதம் வந்தது. பேச்சு சீக்கிரமே திரும்பிவிட்டது. வலது கை மட்டும் சொன்னதைக் கேட்கவில்லை. கைக்கான பயிற்சிக்கு வரச் சொன்ன மருத்துவர், கை தேறிய பிறகு ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் தொட வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

அன்பழகன் தனக்கென்று ஒரு சோதனை வைத்துக்கொண்டார். சிறு வயதில் அக்காவும் தம்பியுமாக ஆடிய ஓர் ஆட்டம் உண்டு. உடைந்த பாலத்தின் மேல் ஒரு குட்டி ஆள் ஓடுவான்; பலகைகள் நகர்ந்து வரும்; சரியான கணத்தில் வலது கட்டைவிரலால் பொத்தானை அழுத்திக் குதிக்க வைக்க வேண்டும். அவர்கள் அதைப் பாலம் கேம் என்றார்கள். அன்பழகன் அதில் விழவே மாட்டார் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். தம்பி கேட்டாரே என்று சுந்தரி தன்னிடம் இருந்ததிலேயே நல்ல பெட்டியைக் கொண்டுபோய், அவர் வீட்டுப் பெரிய டிவியில் இணைத்து, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து படத்தைச் சரிசெய்து கொடுத்தார். மறுநாள் பேருந்தில், "பாலத்துல ஆணி கூடத் தெரியுதும்மா" என்றார். அவ்வளவு மகிழ்ச்சியாக அவரைக் கண்டதில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம், அன்பழகனைப் பார்த்துவர என்னையும் அழைத்துக்கொண்டு போனார். அன்பழகனின் மனைவி மல்லிகா வாசலிலேயே நிறுத்தினார். "பயிற்சிக்குப் போறத வுட்டுட்டாரு அக்கா. தினமும் இந்த கேமத்தான் ஆடிக்கினு இருக்காரு. நாளைக்குக் காலையில ஆட்டோவ பாக்க ஆள் வர்றான். அத விக்க அந்த ஆள் கிட்ட பேசி முடிச்சிட்டாரு."

உள்ளே அன்பழகன் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் குட்டி ஆள் ஓடினான். பலகை வந்தது. கட்டைவிரல் அழுந்தியது. அவன் குதிப்பதற்குள் விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தில் போய்விட்டான்.

"பாத்தியா அக்கா? கை போச்சு. கொழந்தைங்கள வெச்சிக்கினு போறவன் நானு. ஒரு மாடு குறுக்க வந்தா என்னா பண்ணுவேன்? யாரையாவது சாவடிச்சிட்டு வந்து ஒக்காரணுமா?"

"குடுடா இப்படி" என்று சுந்தரி கன்ட்ரோலரை வாங்கினார். அதே பலகையில் விழுந்தார். இன்னொரு முறையும் விழுந்தார். "எனக்கும் வயசாயிடுச்சுடா" என்று சிரித்தார். அன்பழகன் சிரிக்கவில்லை.

என்னை ஏற்றிவிட சுந்தரியும் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தார். பேருந்து வந்தது. நான் ஏறப் போனபோது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பேருந்து எங்களை விட்டுப் போய்விட்டது.

"அவனுக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு, விழுந்தான். எனக்கு என்னாம்மா வந்துச்சு? போன வாரம் எங்க வீட்டு ட்யூப் டிவில இதே கேம் ஆடினேன். விழல."

அப்புறம்தான் சொன்னார். பழைய ட்யூப் டிவி, வரும் படத்தை வந்தபடியே வரைந்துவிடும். அவர் வைத்த பெட்டி அப்படியில்லை. ஒரு முழுப் படம் சேரும்வரை காத்திருந்து சுத்தம் செய்யும். பெரிய டிவி அதை வாங்கி இன்னொரு முறை மெருகேற்றும். கண்ணுக்குத் தெரிவது எல்லாமே கொஞ்சம் பழைய படம். எவ்வளவு பழையது என்று அவர் பார்த்ததே இல்லை. விளையாட்டுக்கென்று டிவியில் ஓர் அமைப்பு உண்டு. அதைப் போட்டால் தாமதம் குறையும், நிறம் சற்றுக் கரடுமுரடாகும். நிறத்துக்காக அதை அணைத்து வைத்ததும் அவர்தான்.

"வா, போய் சொல்லிடலாம்" என்று திரும்பினார்.

நான் நகரவில்லை. "டிவிதான் காரணமா இருக்கணும்னு உங்களுக்கு ஆசை மேடம். அதனாலதான் அவசரப்படறீங்க" என்றேன்.

அவர் முகம் மாறியது. "நாளைக்கு ஆள் வர்றான்மா."

"கையும் காரணமா இருந்தா? உங்க பேச்ச நம்பி திங்கக்கிழமை வண்டிய எடுப்பாரு. உள்ள பசங்க ஒக்காந்திருப்பாங்க."

நாங்கள் அப்படி எதிரெதிரே நின்றது அதற்கு முன் இல்லை. அவருக்குக் கோபம் வந்தால் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகுவார், செருகினார். வேறு யாராவது என்றால் என்னைத் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். "சரி. எப்படிப் பாக்கணும்? நீ சொல்லு. ஆனா இன்னிக்கே பாக்கணும்" என்றார்.

முதலில் தாமதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு சுந்தரியும் அன்பழகனும் இரண்டு டிவியிலும் ஆட வேண்டும் என்றேன். ட்யூப் டிவிக்கு மாறியதும் இருவரும் விழுவது குறைந்தால், குறைந்தது டிவியின் பிழை. அதற்குப் பிறகும் அன்பழகனிடம் மட்டும் மிஞ்சுவது கையின் பிழை. முடியும்வரை அவரிடம் எதுவும் சொல்லக் கூடாது.

சுந்தரி வீட்டிலிருந்து அந்தச் சின்ன ட்யூப் டிவியைப் போர்வையில் சுற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தெருவில் தூக்கிக்கொண்டு போனோம். பெட்டிக்கடையில் நின்றவர், "என்னா மேடம், எடைக்குப் போடப் போறீங்களா? நான் நல்ல வெல தரேன்" என்றார். எப்போதும் பதிலுக்குப் பதில் கொடுக்கும் சுந்தரி அன்று நடையை நிறுத்தவே இல்லை.

அன்பழகனிடம், வேறு டிவியில் போட்டுப் பார்க்கிறோம் என்று மட்டும் சொன்னோம். முதலில் பெரிய டிவி. சுந்தரி ஆடினார், அவர் கட்டைவிரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி என் கைப்பேசியில் ஸ்லோ மோஷனில் படம் எடுத்தேன். இருவரும் சமையலறைப் பக்கம் போய் ஓட்டிப் பார்த்தோம். கட்டைவிரல் இறங்கியது. திரையில் குட்டி ஆள் நடந்தான். விரல் அழுந்தியே இருந்தது. அவன் இன்னும் நடந்தான். விரல் மேலே எழத் தொடங்கிய பிறகுதான் அவன் கால் தரையை விட்டது. அதற்குள் அங்கே தரை இல்லை.

"என் பொட்டி" என்றார் சுந்தரி.

ட்யூப் டிவியை இணைத்தோம். ஓரம் வளைந்த, சிவப்பு வழியும், அவலட்சணமான படம். சுந்தரி பலகைகளை ஒன்றுவிடாமல் கடந்தார். பிறகு அன்பழகன் கன்ட்ரோலரை வாங்கினார். மல்லிகா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். பார்க்க முடியவில்லை போலும். முதல் பலகையிலேயே அன்பழகன் விழுந்தார். அந்த நேரத்தில் நான் சுந்தரியைப் பார்க்கவில்லை. மறுபடி ஆடினார். குதித்தார். அடுத்ததிலும் குதித்தார். நாங்கள் போதும் என்று சொல்லும்வரை ஆடினார். பெரும்பாலும் கடந்தார். பலகைகள் வேகமெடுக்கும் இடத்தில் மட்டும் பாதிக்குப் பாதி விழுந்தார். சுந்தரி அந்த இடத்தில் விழவே இல்லை.

"மல்லிகா, நீயும் வா" என்று கூப்பிட்டார் சுந்தரி. வந்தார். "தப்பு என்னுது. படம் நல்லா இருக்குதான்னு மட்டும் பாத்தேன். அது லேட்டா வருதான்னு பாக்கல. பெரிய டிவில யார் ஆடினாலும் விழுவாங்க. நானே விழுந்தேன்."

மல்லிகாவுக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் குரல் உயர்ந்தது. "ஏன் அக்கா, நீ காலேஜுல இதத்தானே சொல்லித் தர்ற? இந்த மனுசன் சோறு துன்னாம, பயிற்சிக்குப் போகாம செவுத்த பாத்துக்கினு கெடந்தாரே! ஒரு பொம்ம படத்துக்காகவா?"

"ஆமா" என்றார் சுந்தரி. அதோடு எந்த விளக்கமும் சேர்க்கவில்லை. நான் வாய் திறக்கப் போனேன். என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அன்பழகன் தன் வலது கையை மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. "அப்போ கை சரியாயிடுச்சா அக்கா?"

அந்த அறையில் எல்லோருக்கும் தேவைப்பட்ட பதில் ஒன்றுதான். மன்னிப்புக் கேட்டு நிற்கும் ஒருவருக்கு அதைச் சொல்லிவிட எவ்வளவு ஆசை இருந்திருக்கும்!

"அத நான் சொல்லல. வேகமா வர்ற எடத்துல நான் விழல, நீ விழுந்த. அது டிவி இல்ல, உன் கை."

"எவ்ளோ பாக்கி இருக்குது?"

"தெரியல. டாக்டர்கிட்ட போ. கேமு டாக்டர் இல்லடா."

வெளிச்சம் கொஞ்சம் இறங்கியது, முழுக்க அணையவில்லை. அன்பழகன் கைப்பேசியை எடுத்து, "நாளைக்கு வராத பா. இப்போ விக்கல" என்று ஆட்டோ கேட்டவரிடம் சொன்னார். மல்லிகா எங்களுக்குத் தேநீர் தரவில்லை. அதற்குப் பிறகும் நெடுநாள் சுந்தரியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாதங்கள் ஓடி, மருத்துவர் பார்த்து, வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அன்பழகன் சாவியைத் தொட்டார். பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் நான்தான் ஏறுவேன் என்று சுந்தரி போய் நின்றார். பெண்கள் உட்காராத இடத்தில், முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தார். மல்லிகாவும் நானும் பின்னால். காஞ்சிபுரம் சாலையில் ஒரு பைக் சந்திலிருந்து பார்க்காமல் பாய்ந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது வண்டி நின்றிருந்தது. பைக்காரன் திட்டிக்கொண்டே போனான். சுந்தரி, "பிரேக் சரி. ஹாரன் ஒண்ணு இருக்குதே, அத எப்போ அடிக்கப் போற?" என்றார். மல்லிகா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார். அக்காவோடு அவர் மறுபடி பேசத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு சுந்தரி வேறு பெட்டி தேடிப் பிடித்தார். படத்தைச் சேர்த்து வைக்காமல் வரி வரியாகக் கடத்திவிடுவது. நிறத்தில் சமரசம் செய்துகொண்டார். புதிதாக யார் கருவியோடு வந்தாலும் முதலில் அவர்கள் கட்டைவிரலையும் திரையையும் சேர்த்துப் படம் எடுப்பார். "மொதல்ல கை. படம் அப்புறம்" என்பார். ஏன் என்று கேட்டவர்களிடம் தம்பி கதையைத் தன் பெயரோடு சொன்னார். அதைச் சொல்லும்போது குரலில் தாழ்ச்சியும் இருக்காது, பெருமையும் இருக்காது.

அவர் இறந்த அன்று காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனது அன்பழகன்தான். ஐயம்பேட்டைக் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, அடக்கம் முடிந்து கூட்டம் கலையும்போது, என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மேடம், எல்லாரும் சொல்றாங்க, நீ என்னாபா பண்ணுவ, உன் மேல தப்பு இல்லன்னு. அவங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க சொல்லுங்க. நான் லேட்டா போனனா? வேற யாராச்சும் ஓட்டியிருந்தா பொழச்சிருப்பாங்களா?"

இல்லை என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. துக்கத்தில் இருப்பவரிடம் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் எனக்குத் தெரியாது. "கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்த விதத்தை மறக்க முடியாது. பின்னாலேயே வந்த மல்லிகாவும் கேட்டுக்கொண்டு நின்றார்.

நேராக மருத்துவமனைக்குப் போனேன். சுந்தரியைப் பார்த்த மருத்துவர் வெளியே போயிருந்தார். திரும்பி வரும்வரை உட்கார்ந்திருந்தேன். புகார் கொடுக்க வந்தவள் என்று நினைத்து முதலில் பேச மறுத்தார். எதற்காகக் கேட்கிறேன் என்று சொன்னதும் உட்காரச் சொன்னார். வீட்டிலேயே எல்லாம் முடிந்திருக்கிறது, வாசலில் ஆம்புலன்சே நின்றிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்றார். வேறு விதமாக மறுபடியும் கேட்டேன். அதையேதான் சொன்னார்.

ஐயம்பேட்டைக்குத் திரும்பியபோது அன்பழகன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். உள்ளே போகவே இல்லை என்று மல்லிகா சொன்னார். "இல்ல, லேட்டா போகல. டாக்டர்கிட்ட ரெண்டு தடவ கேட்டேன்" என்றேன்.

கேட்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, பதில் நிச்சயமாகும்வரை அவரைக் காக்க வைக்கும் கடுமை. சுந்தரியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். சந்தேகப்படுவதை நான் எங்கும் கற்றிருக்கலாம். அதைப் பிரியமானவர்களிடம் எப்படிப் பயன்படுத்துவது என்று அவரிடம்தான் பார்த்தேன்.

அன்பழகனிடம் அன்று எத்தனையோ பேர் சொன்ன அதே சொல்லைத்தான் நானும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் அழுதார்.